மேஜரின் இடது காது

அந்த அலறல் எழுந்தபோது மலையில் வேறு சத்தமே இல்லை.

பட்டப்பகல்தான். ஆனால் தை மாதத்து மூடுபனி பங்களாவைப் பஞ்சுப் பொதிக்குள் அமுக்கி வைத்திருந்தது. அலறியது மேஜர் என்ற நாய். அலற வைத்தவள், அந்த நாயின் மேல் உயிரையே வைத்திருந்த சோலையம்மாள்.

அவள் கையிலிருந்த தைலக் குப்பி சமையல்கட்டுத் தரையில் விழுந்து உருண்டது. நாய் தலையைச் சுவரில் மோதியது. பின்னங்காலால் இடது காதைப் பிறாண்டியது. தடுக்கப் போனவளின் மணிக்கட்டில் ஒரு கவ்வு கவ்விவிட்டு, பின்வாசல் வழியாகப் பனிக்குள் பாய்ந்து மறைந்தது.

"மேஜர்! கம்! கம் ஹியர்டா!"

கால் சத்தம் சரிவில் இறங்கித் தேய்ந்தது.

சோலையம்மாளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவும் அந்த நாய்க்காகக் கற்றுக்கொண்டது. 'ஹெதர் லாட்ஜ்' என்று கல்லில் வெட்டியிருந்த அந்தப் பங்களாவை ஊரார் 'எதர்லாசு' என்பார்கள். அதன் சொந்தக்காரி துரைசாணி, மதுரை மில் முதலாளி ஒருவருக்கு விற்றுவிட்டுக் கப்பலேறிப் போனாள். கப்பலில் நாய்க்கு இடமில்லையாம். பழுப்புச் சடையும் தரையைக் கூட்டும் காதுமாக மேஜர் கேட்டருகே வெகுநாள் உட்கார்ந்திருந்தது. அந்தக் குளிர்காலத்தில்தான் தோட்டக்காரனாக இருந்த சோலையம்மாளின் புருஷனும் நெஞ்சுச் சளியில் போய்ச் சேர்ந்தான். கைவிடப்பட்ட இரண்டு பேரும் ஒரே அடுப்பு முன்னால் குளிர் காய ஆரம்பித்தார்கள்.

முதலாளி குடும்பம் சித்திரை, வைகாசியில் வரும். மற்ற மாதமெல்லாம் சோபாக்களுக்கு வெள்ளைத் துணி, சாவி கொடுக்காத கடிகாரம், சோலையம்மாள், மேஜர். வாய்விட்டுப் பேச அவளுக்கு இருந்த ஒரே ஜீவன் அதுதான். அது திருப்பிப் பேசாது என்பது ஒரு குறையாக அவளுக்குத் தோன்றியதே கிடையாது.

ஐப்பசி மழையில் தொடங்கியது வினை. மேஜர் அடிக்கடி தலையை உதறியது. ஈரத்துணியைக் கல்லில் அடித்த மாதிரி காதுகள் சடசடக்கும். பிறகு நாற்றம், புளித்த மாவும் அழுகலும் கலந்த நாற்றம். அப்புறம் இடது பக்கமாகவே தலையைச் சாய்த்துக்கொண்டு நடந்தது, யாரோ காதில் ரகசியம் சொல்வதைக் கேட்கிற மாதிரி.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் முதலாளியின் காரியஸ்தர் தண்டாயுதபாணி. கூரை ஒழுகலைப் பார்க்க வந்தவர், "என்னடா மேஜரு, சௌக்கியமா?" என்று இடது காதோடு சேர்த்துத் தலையைத் தட்டினார். அடுத்த கணம் நாயின் பல் அவர் சட்டைக் கையில் இருந்தது.

சட்டைதான் கிழிந்தது. ஆனால் மனிதர் வெலவெலத்துப் போனார்.

"ஏம்மா, சித்திரையில முதலாளியோட பேரப்பிள்ளைக வருதுக. இந்த நாறப்பய நாய் அதுககிட்ட பல்லக் காட்டுனா என் சோலி முடிஞ்சுது. பங்குனிக் கடைசியில வருவேன். அதுக்குள்ள குணமாயிருந்தா இருக்கட்டும். இல்லேன்னா பூம்பாறையிலேர்ந்து துப்பாக்கிக்காரனக் கூட்டிட்டு வந்துருவேன். ஒரே தோட்டா. வலிக்காது."

"யாருக்கு?" என்று கேட்டாள் சோலையம்மாள்.

அவருக்கு அந்தக் கேள்வி புரியவில்லை.

அவர் ஜீப் கிளம்பிப் போனதும் அவள் செய்தது, கொடைக்கானலில் யாரும் செய்யக்கூடியதைத்தான். அந்த ஊரில் தலைவலிக்குத் தைலம், பல்வலிக்குத் தைலம், முட்டிக்குத் தைலம், மூட்டைப்பூச்சிக்கும் தைலம். யூகலிப்டஸ் இலையைக் காய்ச்சி இறக்கும் அந்தத் தைலத்துக்கு அடங்காத நோவு உண்டு என்று சொன்னால் சிரிப்பார்கள். ஒரு கரண்டி நிறைய எடுத்து, நாயின் காதைத் தூக்கி, ஒரே ஊற்று.

அதற்குத்தான் அந்த அலறல்.

சாயங்காலம் மேஜர் திரும்பி வந்தது. ஆனால் வீட்டுக்குள் வரவில்லை. விறகு ஷெட்டுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. சோலையம்மாள் கையை நீட்டினாள். அது ஒரு தடவை முகர்ந்தது. பின்னால் நகர்ந்து, ஷெட்டின் கடைசி மூலைக்குள் சுருண்டது. அவள் சாம்பல் போட்டுக் கையைத் தேய்த்தாள், சோப்புப் போட்டாள், சீயக்காய் போட்டாள். அப்புறமும் அது வரவில்லை. சோற்றுத் தட்டை வைத்துவிட்டு அவள் கதவைச் சாத்திய பிறகுதான் வந்து தின்றது.

புருஷன் போன நாளில்கூட அந்தப் பங்களாவில் அவள் தனியாக இருந்ததில்லை. அன்றுதான் இருந்தாள்.

கால்நடை டாக்டர் சேனாதிபதி வேலைக்குப் புதியவர். முழுக்கை ஸ்வெட்டருக்குள் நடுங்கிக்கொண்டே நிறையப் பேசுவார். சங்கிலியின் முழு நீளத்துக்கு அந்தப் பக்கமாகவே நடந்து வந்த நாயையும், இந்தப் பக்கமாக வந்த சோலையம்மாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னம்மா, ரெண்டு பேருக்கும் சண்டையா?"

நாயின் வாயைத் துணிநாடாவால் கட்டி, மேஜையில் படுக்க வைத்து, விளக்கு வைத்த புனலைக் காதில் செருகிப் பார்த்தார். முகர்ந்தார். நிமிர்ந்தார்.

"யாரும்மா இந்தத் தைல ஐடியா குடுத்தது?"

"ஊரே எல்லாத்துக்கும் அதத்தான சார் தடவுது..."

"தடவுறது வேற, ஊத்துறது வேற. உள்ள புண்ணு. புண்ணு மேல தைலம். உங்க காதுல ஊத்தியிருந்தா நீங்களும் கடிச்சிருப்பீங்க." அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "சவ்வு கிழியல. அது உங்க அதிர்ஷ்டம். வத்தலக்குண்டுலேர்ந்து பஸ்ல காட் ரோட்டுல வந்திருக்கீங்கல்ல?"

"வந்திருக்கேன் சார்."

"நம்ம காது நேர் ரோடு. நாய்க் காது அப்படி இல்ல. முதல்ல கீழ இறங்கும். அப்புறம் ஒரு ஹேர்பின் பெண்டு. அது தாண்டித்தான் சவ்வு. அழுக்கும் ஈரமும் அந்த வளைவுல போய்த் தங்கிரும். அதுலயும் இந்த ஜாதிக்குக் காது மூடி போட்ட மாதிரி தொங்குது. மழை, பனி... ஓடையில குளிக்குமா?"

"ஓடையக் கண்டா விடாது சார்."

"அப்புறம் என்ன? ஈரத்துணியச் சுருட்டிப் பெட்டிக்குள்ள வெச்ச கதைதான். பூஞ்சை புடிக்கும், சீழ் வைக்கும், வலிக்கும். வலிச்சா கடிக்கும். கெட்ட நாய் இல்லம்மா இது. நோவுல கெடக்கு, அவ்வளவுதான்."

வெதுவெதுப்பான மருந்துத் தண்ணீரைப் பீய்ச்சி மெதுவாகக் கழுவினார். காப்பித்தூள் விழுது மாதிரி வந்துகொண்டே இருந்தது. துடைத்து உலர்த்திய பிறகு ஒரு மஞ்சள் மருந்துப் புட்டியைக் கொடுத்தார்.

"காலையில, சாயங்காலம். காத மேல தூக்கிப் புடிச்சு மருந்த விடணும். விட்டதும் காதுக்கு அடியில, இந்தா இங்க, பிசைஞ்சு விடணும். உள்ள 'சளக் சளக்'னு சத்தம் கேக்கணும். கேட்டாத்தான் மருந்து வளைவத் தாண்டுதுன்னு அர்த்தம். வெளிய வர்ற அழுக்கத் துணியால துடைங்க. விரல் போற மட்டுக்கும்தான். குச்சி, கொண்டை ஊசி, எதையும் உள்ள விட்டுராதீங்க. அழுக்க இன்னும் உள்ளதான் தள்ளும். பகல்ல ரெண்டு காதையும் தலைக்கு மேல தூக்கிக் கட்டி வைங்க, காத்துப் போகட்டும்."

"சரி சார்."

"முக்கியமா ஒண்ணு. நாத்தம் போயிருச்சுன்னு நிறுத்தக் கூடாது. நிறுத்தினா திரும்ப வரும், கோபத்தோட வரும். நான் பார்த்துப் போதும்னு சொல்லணும்." கை கழுவிக்கொண்டே கேட்டார்: "வீட்டுல இன்னொரு ஆள் யாரு?"

"எதுக்கு சார்?"

"ஒருத்தர் புடிக்கணும், ஒருத்தர் விடணும். ஒத்தை ஆளால ஆகாது. ஒரு உதறு உதறுச்சுன்னா மருந்து செவுத்துல. யாராவது இருப்பாங்கல்ல?"

"இருக்காங்க சார்" என்றாள் சோலையம்மாள்.

பொய்.

மருந்து சுவரில்தான் போனது. முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிப் பார்த்தாள், ஏமாற்றிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். பனித்துளி மாதிரி மஞ்சள் பொட்டுகள் சமையல்கட்டுச் சுவரெல்லாம் இறங்கின. வில்பட்டியிலிருந்து கோஸும் காரட்டும் சுமந்து வரும் காளியாயியைக் கேட்டாள்.

"ஆத்தாடி! காரியஸ்தரு சட்டையவே கிழிச்ச நாயி. என் கையி எனக்கு வேணும் தாயி!" காளியாயி கூடையைக் கேட்டருகே இறக்கிவிட்டு வெரசாக நடையைக் கட்டினாள்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆள். பங்களாவின் கிழக்குச் சரிவில், யூகலிப்டஸ் மரங்களுக்குக் கீழே, தினமும் வெள்ளனே ஒரு நீலப்புகை எழும்பும். கிபாயத்துல்லாவின் தைல அடுப்பு. தாமிர அண்டாவில் இலையை வேகவைத்துத் தைலம் இறக்கி, பஜாருக்குப் போடுவார். பெண்டாட்டி பிள்ளைகள் பழனியில். இவர் மட்டும் அடுப்போடு மலையில்.

அவரோடு பேச்சு நின்று போயிருந்தது. போன ஆடிக் காற்றில் பங்களா மரங்கள் கிளை முறிந்து விழுந்தன. விழுந்ததை அவர் வாரிக்கொண்டு போனார். 'களவாணி' என்று நடு பஜாரில் வைத்துக் கத்தினாள் சோலையம்மாள். 'இனி அந்தக் கேட்டத் தாண்டுனா என் பேரு கிபாயத்துல்லா இல்ல' என்று அவரும் கத்தினார். அதோடு சரி. வழியில் எதிர்ப்பட்டால் ஆளுக்கொரு மரத்தைப் பார்ப்பார்கள்.

ஆனால் ஒன்று. அந்தப் புகை எழும்பிய பிறகுதான் சோலையம்மாள் தன் அடுப்பை மூட்டுவாள். ஏன் என்று அவள் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

இறங்கிப் போனாள்.

அண்டாவுக்குள் இலையை மிதித்து அமுக்கிக்கொண்டிருந்த கிபாயத்துல்லா திரும்பிப் பார்க்கவில்லை.

"களவாணி வீட்டு வாசல்ல என்னம்மா வேலை?"

"நாய்க்குக் காது நோவு, பாய்."

"அப்ப அன்னிக்கு அலறினது நாய்தானா? நீங்களோ என்னமோன்னு கேட் வரைக்கும் ஓடியாந்தேன்."

"வந்தீங்களா? நான் பாக்கலையே!"

"தாண்டுனாத்தான பாப்பீங்க. சத்தியம் பண்ணியிருக்கேன்ல? உள்ள நீங்க நாயக் கூப்புடுறது கேட்டுச்சு. சரி, உசுரோடதான் இருக்காங்கன்னு திரும்பிட்டேன்."

சோலையம்மாள் முந்தானையை இழுத்து மணிக்கட்டை மறைத்துக்கொண்டாள். ஒருவழியாகச் சொன்னாள்:

"மருந்து விட ஒரு ஆள் புடிச்சுக்கணும்கிறாரு டாக்டர். எனக்கு வேற யாரும் இல்ல."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவள் காதிலேயே விழுந்தது. அதுநாள்வரை அதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை.

கிபாயத்துல்லா அண்டாவிலிருந்து இறங்கினார். "எங்க மார்க்கத்துல நாய வீட்டோட வளக்க மாட்டோம்."

"தெரியும் பாய்."

"ஆனா நோவுல கெடக்கிறதப் புடிச்சுக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல. கழுவிட்டுத் தொழப்போனா ஆச்சு. தண்ணிக்கா பஞ்சம் இந்த ஊர்ல?"

"அப்ப உங்க சத்தியம்?"

"அது பேரு மேல பண்ணினதுதான? பேர மாத்திக்கிட்டாப் போச்சு. நடங்க."

கேட்டைத் தாண்டினார். அவர் கால் பங்களாப் படியைத் தொடும் முன்பே மேஜரின் மூக்கு நிமிர்ந்தது. உடம்பெல்லாம் ஒரு நடுக்கம். அடிபட்ட குழந்தை மாதிரி ஒரு கேவல். விறகு ஷெட்டை நோக்கி ஓடிய ஓட்டத்தில் படியில் இடறி விழுந்து, எழுந்து, மறுபடி ஓடியது.

தைல வாசம்! அவர் சட்டையில், தாடியில், நகக்கண்ணில், தோலுக்கே உள்ளே, எத்தனையோ வருஷத்துத் தைலம். கிபாயத்துல்லா தன் கையை மூக்கருகே கொண்டுபோனார்.

"எனக்கே தெரியலையே" என்றார் மெதுவாக.

பிறகு திரும்பி நடந்தார்.

மறுநாள் காலை சோலையம்மாள் சன்னலைத் திறந்தபோது கீழே புகை இல்லை.

அதற்கடுத்த நாளும் இல்லை.

அவளுக்கு விளங்கிவிட்டது. தைப்பூசம் நெருங்குகிறது. மலை தாண்டி, காடு தாண்டி நடந்து வரும் கூட்டமெல்லாம் பழனியில் கால்வலிக்குத் தைலம் வாங்கும். வருஷத்தில் அதுதான் அவருக்குப் பெரிய வியாபாரம். போயிருப்பார். சொல்லிவிட்டுப் போக அவள் யார்?

அவள் அடுப்பு மூட்டவில்லை. பழைய சோற்றையே தின்றாள். பகலில் பனி விலகி வெயில் அடித்தாலும் சரிவு வெறுமையாகக் கிடந்தது. ஒரு மெல்லிய நீலக்கோடு இல்லாமல் போனால் ஒரு மலை இவ்வளவு பெரிதாகிவிடும் என்று அவள் நினைத்ததில்லை. ஷெட்டின் அடியில் மேஜர் தலையைத் தரையில் தேய்த்துத் தேய்த்து முனகியது. புட்டியில் மருந்து முக்கால்வாசி அப்படியே இருந்தது. பங்குனி, அவள் தடுத்தா நிற்கப் போகிறது?

பூசம் முடிந்திருக்கும் என்று அவள் எண்ணிக்கொண்டிருந்த ஒரு காலையில் கேட் கிரீச்சிட்டது.

வந்த ஆளை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. ஒட்ட வெட்டிய தாடி. புதுச் சட்டை. மடிப்புக் கலையாத கம்பளி.

"யாருங்க?"

"பேர மாத்திக்கிட்டு வந்திருக்கேன்."

அந்தக் குரல்! சோலையம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அன்னிக்குத் திரும்புனதுலேர்ந்து அடுப்பே பத்த வைக்கல" என்றார் கிபாயத்துல்லா. "வெந்நியில அரப்புத் தேய்ச்சுத் தேய்ச்சுத் தோலே உரிஞ்சு போச்சு. ராத்தங்கலும் பஜார்ல ஒரு சொந்தக்காரப் பய கடையிலதான். மோந்து பாக்கச் சொல்லுங்க உங்க மேஜர. இப்பவும் ஓடுச்சுன்னா எனக்கு வேற தோல் இல்ல."

"பூசத்துக்குப் போகலையா?"

"மச்சினன் சரக்க எடுத்துட்டுப் போனான். என் கையால குடுத்தாத்தான் கால்வலி தீருமாக்கும்?"

அவர் படியில் உட்கார்ந்தார். நாயைப் பார்க்கவே இல்லை. எதிரே மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பழக்கம்தான் அவருக்கு நன்றாக இருந்ததே. வெகுநேரம் கழித்து ஷெட்டிலிருந்து ஒரு மூக்கு வந்தது. பிறகு சாய்ந்த தலை. அவர் கம்பளியை முகர்ந்தது, கையை முகர்ந்தது. நின்றது.

ஓடவில்லை.

கம்பளியைப் போர்த்தி, தலையை நெஞ்சோடு அணைத்து அவர் பிடித்துக்கொண்டார். சோலையம்மாள் காதைத் தூக்கினாள். மருந்து இறங்கியது. காதின் அடியில் பிசைந்தாள்.

சளக்.

மறுபடி பிசைந்தாள். சளக், சளக்.

"வளைவத் தாண்டிருச்சு" என்றாள் அவள்.

காலையும் சாயங்காலமும் கேட் கிரீச்சிட்டது. அவர் பிடிப்பார், இவள் விடுவாள். முதலில் பேச்சே இல்லை. பிறகு இரண்டொரு வார்த்தை. பெண்டாட்டி ஆமினாவுக்கு இழுப்பு, மலைக்குளிர் ஆகாது என்றார் ஒரு நாள். பெருநாளுக்குக் கீழே போவாராம்.

"வீடு நெறைய சனம் இருக்கும். ரெண்டாம் நாளே என்னைய விருந்தாளி ஆக்கிருவாங்க. உக்கார வெச்சு நல்லா கவனிப்பாங்க. கவனிச்சா கெளம்பிறணும்ல?"

"காலையில உங்க புகையப் பாத்துத்தான் அடுப்பு மூட்டுவேன்" என்றாள் சோலையம்மாள், எதற்கென்று தெரியாமலே.

அவர் நாயின் தலையைக் கொஞ்சம் நிமிர்த்திப் பிடித்தார். "இந்தப் பக்கம் இன்னும் ஒரு சொட்டு விடுங்க."

நாற்றம் போயிற்று. தலையின் சாய்வு நிமிர்ந்தது. மேஜர் வீட்டுக்குள் வந்து பழைய இடத்தில், அடுப்புக்குப் பக்கத்தில், அவள் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்தது. வெட்டிப் போட்ட இலை சருகாகிறதே என்று கிபாயத்துல்லா ஒரு நாள் சாடையாகச் சொன்னார். அவள் நாயை டாக்டரிடம் கூட்டிப் போனாள். "வளைவுக்கு அந்தப் பக்கம் இன்னும் செவப்பு இருக்கு. விடாதீங்க" என்றார் டாக்டர். அதைக் கேட்ட பிறகு கிபாயத்துல்லா இலையைப் பற்றிப் பேசவே இல்லை.

பங்குனிக் கடைசியில் ஜீப் வந்தது.

முன்சீட்டில் தண்டாயுதபாணி. பின்சீட்டில், முழங்கால்களுக்கு நடுவே நீளமாக எதையோ சாக்கில் சுற்றி வைத்துக்கொண்டு ஒரு பூம்பாறைக்காரன்.

மேஜர் படியில் உட்கார்ந்திருந்தது. இரண்டு காதையும் உச்சியில் தூக்கி, சோலையம்மாளின் பழைய சிவப்பு ரவிக்கைத் துணியால் கட்டியிருந்தது. கிபாயத்துல்லா தூணோரம் ஒதுங்கினார்.

"என்னம்மா இது வேஷம்? கொண்டையா?" என்றார் காரியஸ்தர். சிரிக்கவில்லை. "அவுத்துவிடு. நான் தொட்டுப் பாக்கணும்."

அவள் முடிச்சை அவிழ்த்தாள். காது விழுந்தது. தண்டாயுதபாணி ஒரு கையால் தன் சட்டைக் கையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு மறுகையை நீட்டினார். வேண்டுமென்றே அதே இடம். இடது காதின் அடி. தட்டவில்லை, அமுக்கினார்.

மேஜரின் மேலுதடு அசைந்தது.

ஜீப்பில் சாக்கு சரசரத்தது.

வாய் பெரிதாகத் திறந்தது. ஒரு கொட்டாவி! பிறகு நாய் தன் முழுத் தலைப் பாரத்தையும் அந்தக் கையிலேயே சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டது. பிசைந்துவிடும் கை என்றால் அதற்கு இப்போது அவ்வளவு சுகம்.

தண்டாயுதபாணி கையை முகர்ந்தார். ஒன்றுமில்லை.

"அடேயப்பா! அப்படி என்ன மருந்தும்மா?"

"மருந்து கொஞ்சம்தான் சார். புடிக்கத்தான் ஆள் வேண்டியிருந்துச்சு."

அவர் தூணோரம் பார்த்தார். "இவரு யாரு?"

சோலையம்மாள் அவிழ்த்த துணியை மடித்தாள். "கீழ இருக்கிறவரு" என்றாள்.

அது உண்மைதான். ஆனாலும் கிபாயத்துல்லா குனிந்து செருப்பைத் தேடிய விதத்தைப் பார்த்ததும், வேறு ஏதாவது சொல்லியிருக்கலாமோ என்று அவளுக்குப் பட்டது. வேறு என்ன என்று மட்டும் தெரியவில்லை.

மறுவாரம் டாக்டர் சேனாதிபதி புனலை எடுத்து வைத்தார். "போதும். சுத்தமாயிருச்சு. ஆனா இந்தக் காது இப்படித்தான், மழை வந்தா மறுபடி வரலாம். அப்பப்ப தூக்கிப் பாருங்க, மோந்து பாருங்க. நனைஞ்சா உடனே துடைச்சு உலர விடுங்க. சீக்கிரம் கண்டுபிடிச்சா சின்ன வேலை."

அவள் நேராகக் கீழே இறங்கிப் போய்ச் சொன்னாள்.

"டாக்டர் போதும்னுட்டாரு, பாய்."

"நல்லதும்மா" என்றார் கிபாயத்துல்லா. "ரொம்ப நல்லது."

அன்று மத்தியானமே சரிவில் நீலப்புகை எழும்பியது. சன்னலில் நின்று பார்த்தவளுக்கு மனம் நிறைந்தது. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் உறைத்தது. அடுப்பு எரிந்தால் அவர் மேல் வாசம் ஏறும். வாசம் ஏறினால் மேஜர் ஓடும். மேஜர் ஓடினால் அவர் வரமாட்டார்.

சாயங்காலம் கேட் கிரீச்சிடவில்லை.

சித்திரை வந்தது, பேரப்பிள்ளைகள் வந்தன. மேஜரின் காதைக் கொண்டையாகக் கட்டி விளையாடின. பங்களா முழுக்கக் கூச்சல், பந்து, இஸ்திரிச் சூடு, காப்பி வாசனை. சோலையம்மாள் உட்கார நேரமில்லாமல் ஓடினாள். ஒரு நாள் கார்கள் இறங்கிப் போயின. அவள் சோபாக்களுக்கு மறுபடி வெள்ளைத் துணி போர்த்தினாள்.

தினமும் காலையில் மேஜரின் இடது காதைத் தூக்கி முகர்ந்து பார்ப்பாள். நாற்றம் இருக்காது. சந்தோஷப்படுவாள். ஆனால் ஒரு நாள், அந்தச் சந்தோஷம் வருவதற்கு ஒரு நொடி முன்னால் வேறொன்று வந்து போனதை அவள் கண்டுகொண்டாள். ஏமாற்றம். மழை எப்போது வரும் என்று மனம் ஒரு கணக்குப் போட்டிருந்தது. "சீ!" என்று தன்னையே திட்டிக்கொண்டு நாயின் தலையைத் தன் மடியில் வைத்து வெகுநேரம் தடவிக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் கேட்டுக்கு வெளியே யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

கிபாயத்துல்லா. உள்ளே வரவில்லை. எச்சில் தொட்ட விரலைத் தூக்கிக் காற்றைப் பார்த்தார். பிறகு வலது தூணை விட்டு இடது தூணுக்கு மாறி நின்றுகொண்டார். அங்கே நின்றால் காற்று நாயிடமிருந்து அவர் பக்கம் வீசும்.

"காது எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு, பாய்."

"நல்லது."

போய்விட்டார். மறுநாளும் வந்தார். விரலைத் தூக்குவார், தூணைத் தேர்ந்தெடுப்பார், கேட்பார். அவள் படியிலிருந்து பதில் சொல்வாள். அவ்வளவுதான். அந்த ஒரு கேள்விக்காக அவள் மத்தியானத்திலிருந்தே படியில் வந்து உட்கார ஆரம்பித்தாள்.

ஆனி மாதத்து ஒரு சாயங்காலம். அவர் வந்து நின்றார், தூணையும் சரியாகத்தான் பார்த்து நின்றார். கேள்வியைக் கேட்க வாயெடுக்கும்போது காற்று சட்டென்று திசை மாறியது. தைல வாசம் புல்தரையைத் தாண்டிப் படிவரை வந்தது.

மேஜரின் மூக்கு நிமிர்ந்தது. நடுக்கம். சோலையம்மாள் அதன் கழுத்துப் பட்டையைப் பிடித்தாள். கிபாயத்துல்லா பதறிப் பின்வாங்கினார்.

"விட்டுருங்க, ஓடட்டும்! நான் போயிடுறேன்!"

அவள் பட்டையை விட்டாள்.

மேஜர் ஷெட் பக்கம் இரண்டடி ஓடியது. நின்றது. திரும்பி, காற்றை மறுபடி முகர்ந்தது. அந்த வாசத்துக்கு அடியில் வேறு ஏதோ அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். நடுங்கிக்கொண்டேதான் புல்தரையில் இறங்கியது. படிக்கும் கேட்டுக்கும் பாதி வழி வந்தது. அதற்கு மேல் காலெடுக்க முடியவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

கீழே சரிவில் பனி ஏறிக்கொண்டிருந்தது.

"காது எப்படி இருக்கு?" என்று கேட்டார் கிபாயத்துல்லா, நின்ற இடத்திலிருந்தே.

சோலையம்மாள் படியை விட்டு இறங்கினாள். ஈரப்புல்லில் நடந்துபோய், பாதி வழியில், நாயின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இடது காதைத் தூக்கினாள்.

"பாத்துத்தான் சொல்லணும்" என்றாள்.

கிபாயத்துல்லா கேட்டைத் திறக்கவில்லை. ஆனால் போகவும் இல்லை.